டால்ஸ்டாய் பண்ணையின் தச்சுப் பட்டறையில் பிள்ளைகள் கூலிக்கு வேலை செய்தார்களா?

டர்பனில் ஆசிரியையாக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய டால்ஸ்டாய் பண்ணையின் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு மரச்சாமான் பட்டறை இருந்தது என்றும், தம் கொள்ளுத்தாத்தா சிறுவனாக அங்கே பெஞ்சும் நாற்காலியும் செய்து கூலி வாங்கினார் என்றும், வீட்டில் இன்னும் இருக்கும் முக்காலி அவர் அங்கே செய்ததுதான் என்றும் குடும்பத்தில் சொல்லி வருகிறார்களாம். இது உண்மையாக இருக்குமா, பள்ளிகள் பட்டறை நடத்திப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொண்ட வரலாறு எப்படிப்பட்டது என்று அவர் அறிய விரும்புகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டுப் பள்ளிகளில் மரவேலை கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன்.

பட்டறை இருந்தது. பிள்ளைகள் அதில் வேலை செய்ததும் உண்மை. ஆனால் கூலி கிடையாது. அந்தப் பண்ணை எதற்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால், கூலி என்ற பேச்சுக்கே அங்கு ஏன் இடமில்லாமல் போயிற்று என்பது விளங்கும்.

ஜோகனஸ்பர்க்கை உள்ளடக்கிய டிரான்ஸ்வால் பகுதியில் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து நடந்த சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் மிகப் பலர். குடும்பத் தலைவர் சிறையில் இருக்கும்போது மனைவி மக்களுக்கு அவரவர் தேவையைப் பார்த்து மாதாமாதம் பணம் கொடுத்து வந்தார்கள். போராட்டம் நீண்டுகொண்டே போனதால் அந்த ஏற்பாடு தாங்காது என்று தெரிந்தது. அப்போதுதான், 1910 மே 30 அன்று, காந்தியின் நண்பரும் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், ஜோகனஸ்பர்க்கிலிருந்து சுமார் 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே தாம் வாங்கியிருந்த 1,100 ஏக்கர் பண்ணையை, போராட்டம் முடியும் வரை வாடகையில்லாமல் பயன்படுத்திக்கொள்ளும்படி கொடுத்தார். சத்தியாக்கிரகிகளும் அவர்களுடைய குடும்பங்களும் அங்கே ஒரே அடுப்பில் சமைத்து உண்டு, இயன்ற வேலையைச் செய்து வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. மாதப் பணத்துக்குப் பதிலாக வந்ததே அந்தப் பண்ணை வாழ்வு. எனவே அங்கே ஒரு பிள்ளை பெஞ்சுக்குக் கால் செதுக்கினால் அதற்குக் கூலி கொடுக்க ஆளும் இல்லை, கணக்கும் இல்லை. அவன் உண்ட சோற்றிலும் படித்த பாடத்திலும் அது சேர்ந்துவிட்டது.

குடியேறியவர்களில் குஜராத்தியர், தமிழர், தெலுங்கர், வட இந்தியர் என்று எல்லோரும் இருந்தனர். இளைஞர்கள் நாற்பது பேர் அளவில், முதியவர் இரண்டு மூன்று பேர், பெண்கள் ஐவர், குழந்தைகள் இருபதிலிருந்து முப்பது வரை என்பது காந்தி கொடுக்கும் கணக்கு. கூடாரங்களில் தங்கிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தகரக் கட்டடங்களை எழுப்பினார்கள். நாராயண்தாஸ் டமானியா என்ற குஜராத்தித் தச்சர் தம் உழைப்பை இலவசமாகத் தந்ததோடு, குறைந்த கூலிக்கு வேறு தச்சர்களையும் அழைத்து வந்தார். காலன்பாக் கட்டடத் தொழிலில் இருந்தவர் என்பதால், வேண்டிய பருமனில் மரங்களை ஆயத்த நிலையிலேயே வரவழைத்தார். அளவுக்கு அறுத்துப் பொருத்துவது மட்டுமே இவர்களுடைய வேலையாக இருந்தது. பெண்களுக்கு ஒரு கட்டடம், ஆண்களுக்கு ஒன்று, காலன்பாக்குக்கு ஒரு வீடு, அதையடுத்துப் பள்ளிக்கூடம், தச்சு வேலைக்கும் செருப்பு வேலைக்குமான பட்டறை என்று அமைந்தது அந்தக் குடியிருப்பு. பள்ளியும் பட்டறையும் ஒரே முற்றத்தில் இருந்தன என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டறையில் என்ன செய்தார்கள்? ஒரு சிற்றூரையே உருவாக்க வேண்டியிருந்ததால் பெஞ்சு முதல் பெட்டி வரை சிறிதும் பெரிதுமாக வேண்டிய எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டதாகக் காந்தி பின்னாளில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன தச்சர்கள் சில மாதங்கள் உடனிருந்து உதவினார்கள். மேற்பார்வை காலன்பாக்குடையது, அவருடைய கைத்திறனும் அளவு பிசகாத துல்லியமும் ஒவ்வொரு கணமும் வெளிப்பட்டன என்று காந்தி பாராட்டுகிறார். சாப்பிடுவதற்கான மரக் கரண்டிகளும் பண்ணையிலேயே செய்யப்பட்டன. தச்சு தெரிந்த வேறொருவரும் பண்ணையில் இருந்ததால் பிள்ளைகளுக்குத் தச்சு வகுப்பு ஒன்று சிறிய அளவில் நடந்தது. காலையில் வயலிலும் வீட்டிலும் பட்டறையிலும் வேலை. மதிய உணவுக்குப் பிறகே பாடம். அதுவும் மூன்று பாடவேளைக்கு மேல் இல்லை. காலை முழுவதும் உடலால் உழைத்துவிட்டு உண்ட பிறகு உட்கார்ந்தால் தூக்கம் வராமல் இருக்குமா? ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே கண்ணயர்ந்ததையும், கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்ததையும் காந்தி மறைக்காமல் சொல்கிறார்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. பள்ளியில் இந்தி, தமிழ், குஜராத்தி, உருது நான்கும் கற்பிக்கப்பட்டன. தமிழ் வகுப்பைக் காந்தியே எடுத்தார். கப்பல் பயணங்களிலும் சிறையிலும் போப் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துக் கற்றுக்கொண்டதுதான் அவருக்குத் தெரிந்த தமிழ். தமிழ்ப் பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், எழுத்தே அறியாதவர்கள். எழுத்தையும் இலக்கணத் தொடக்கத்தையும் அவர் கற்றுக்கொடுத்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் தம்மை எந்த நாளும் தோற்கடித்துவிடுவார்கள் என்பதையும், ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் தம்மைப் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள் என்பதையும் அவர் பெருமையாகவே எழுதுகிறார். ஒரே நாளில் காலையில் காலன்பாக்கிடம் உளி பிடிக்கவும், பிற்பகலில் காந்தியிடம் அகரம் எழுதவும் கற்ற பிள்ளைகள் அவர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா உண்மையிலேயே அங்கே இருந்திருந்தால், அவர் வாங்காத கூலியைவிட இது பெரிய செய்தி.

வேலை வாங்குவதில் பண்ணைக்கு ஒரு விதி இருந்தது: ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது, எந்த வேலையைச் சொன்னாலும் அவர்களோடு ஓர் ஆசிரியர் கூடவே நின்று தாமும் அதைச் செய்ய வேண்டும். தொழிற்கல்வியைப் பற்றி நான் கண்டவற்றுள் இதைவிட நல்ல விதி வேறில்லை. செருப்புத் தொழில் பண்ணைக்கு வந்ததும் இந்த வழியில்தான். பைன்டவுனுக்கு அருகே உள்ள டிராப்பிஸ்ட் துறவியரின் மடத்துக்குக் காலன்பாக் நேரில் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் விருப்பமுள்ள பிள்ளைகள் கற்றார்கள். 1911 தொடக்கத்தில் எழுதிய ஒரு கடிதத்தில், பதினைந்து சோடி வரை தைத்துவிட்டதாகக் காந்தி குறிப்பிடுகிறார். இளைஞர்கள் தாங்கள் தைத்த செருப்புகளை நண்பர்களுக்கு விற்கவும் தொடங்கினார்கள். பண்ணையில் கைவேலைக்குப் பணம் வந்தது என்று ஏதேனும் நினைவு உங்கள் குடும்பத்தில் தங்கியிருக்குமானால், அது செருப்பிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் கருத்து. மரச்சாமான்கள் பண்ணைக்குள்ளேயே பயன்பட்டன.

அந்தப் பட்டறையின் தன்மையை ஒரே காட்சியில் காட்டுவது கோகலேயின் வருகை. 1912-இன் இறுதியில் தென்னாப்பிரிக்கா வந்த இந்திய அரசியல் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே பண்ணைக்கும் வந்தார். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியில் மழையில் நனைந்து அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. காலன்பாக்கின் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். படுக்கக் கட்டில் வேண்டுமே! பண்ணையில் கட்டில் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து இரவல் வாங்கிப் போட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் தரையில் படுப்பதைக் கண்ட கோகலே, அந்தக் கட்டிலை அகற்றச் சொல்லிவிட்டுத் தம் படுக்கையையும் தரையிலேயே விரிக்கச் செய்தார். தச்சுப் பட்டறையும், துல்லியமான தலைமைத் தச்சரும், கற்கும் கைகளும் இருந்த இடத்தில் இரண்டரை ஆண்டுகளாக ஒரு கட்டில்கூடச் செய்யப்படவில்லை. தரையில் படுப்பவர்களுக்குக் கட்டில் தேவையில்லை, ஆகவே செய்யவில்லை. பெஞ்சு தேவைப்பட்டது, செய்தார்கள். தேவை முடிந்த இடத்தில் வேலையும் நின்றுவிட்ட பட்டறை அது. மரச்சாமான் தொழிற்சாலை என்று அதை எந்த வகையிலும் சொல்ல முடியாது.

கட்டிலைப் பற்றிய பேச்சு வந்ததால் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகிப் பள்ளியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் கட்டடங்களை மாணவர்களே கட்டினார்கள், செங்கல்லை அவர்களே சுட்டார்கள், தங்கும் அறைக்கான கட்டில், முக்காலி, மேசைகளையும் அவர்களே செய்தார்கள். தொடக்கத்தில் செய்த கட்டில்கள் எவ்வளவு பலவீனமானவை என்றால், காலையில் விடுதியைச் சுற்றி வரும்போது இரண்டு கட்டில்களாவது உடைந்து தரையில் கிடப்பதைப் பார்க்க நேர்ந்ததாக வாஷிங்டன் எழுதுகிறார். செங்கல் சூளையும் மூன்று முறை தோற்றது. நான்காவது முறைக்காகத் தம் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்தார். பிறகு நல்ல செங்கல் வந்தது, அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் தேடி வந்து வாங்கினார்கள். வெளியாருக்கு விற்பது மாணவனைக் கெடுத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். பணம் கொடுத்து வாங்குபவன் குறையைப் பொறுக்க மாட்டான். அந்தக் கண்டிப்பை எந்த ஆசிரியராலும் முழுமையாகத் தர முடியாது.

டஸ்கீகியின் நிழல் டர்பனுக்கு அருகே உள்ள நம் இனாண்டா வரை நீண்டிருந்தது. வாஷிங்டனின் பணியை மெச்சிக் காந்தி 1903-லேயே ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எழுதினார். டஸ்கீகியை முன்மாதிரியாகக் கொண்டு ஜான் லங்கலிபலேலே டூபே நிறுவிய ஒஹ்லாங்கே பள்ளி, காந்தி 1904-இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூலு இளைஞர்களுக்கு அங்கே எழுத்தோடு தச்சு முதலான கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன. 1912-இல் காந்தி கோகலேயை அங்கே அழைத்துச் சென்றார். ஃபீனிக்ஸிலோ தொழில் என்றால் அச்சகம்தான்; அந்த அச்சகக் கொட்டகையை எழுப்ப உதவியவர்கள், போயர் போரில் காந்தியோடு பணியாற்றிய இந்தியத் தச்சர்களும் கொத்தர்களும். 75 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அந்தக் கொட்டகை ஒரு மாதத்துக்குள் எழுந்தது. நம் முன்னோர் என்றால் கரும்பு வெட்டியவர்கள் மட்டுமே என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குச் சொந்தமான பட்டறையில் மாணவர் முறையாகத் தொழில் பழகிய வரலாறு வேண்டுமென்றால், இந்நாட்டில் கிழக்குக் கேப்பில் ஆலிஸ் ஊருக்கு அருகே உள்ள லவ்டேலுக்குத்தான் போக வேண்டும். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1841-இல் திறந்த அந்தக் கல்வி நிலையத்தில், 1850-களின் நடுவில் கேப் ஆளுநர் சர் ஜார்ஜ் கிரேயின் உதவியோடு தொழிற்பிரிவு தொடங்கியது. தச்சு, வண்டி செய்தல், கொல்லு, கொத்து வேலைகளும், சில ஆண்டுகளில் அச்சும் புத்தகக் கட்டும் சேர்ந்தன. தொடக்கத்தில் தலைமை வகித்த வில்லியம் கோவன், சிலருக்கேனும் ஐரோப்பியருக்குச் சமமான உயர்ந்த படிப்பைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர். 1870-இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஸ்டூவர்ட், பலருக்கும் அடிப்படைக் கல்வியும் கைத்தொழிலும் போதும் என்ற பக்கம் சாய்ந்தார். ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு எந்தக் கல்வி என்பதை அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்காமலேயே முடிவு செய்த வாதம் அது. தொழிற்கல்வி என்ற நல்ல சொல்லின்மேல் இந்நாட்டுக் கறுப்பின மக்களுக்கும் நமக்கும் ஆழ்ந்த ஐயம் ஏன் வந்தது என்றால், உளியைக் கொடுத்தவர்கள் பல சமயம் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டே கொடுத்தார்கள். டால்ஸ்டாய் பண்ணையில் அப்படி நடக்கவில்லை. உளி பிடித்த பிள்ளைக்கும் பிடிக்காத பிள்ளைக்கும் பாடம் ஒன்றுதான், அதைக் கற்பித்தவரும் அதே பட்டறையில் தோலைத் தைத்தார்.

தொழிற்சாலை என்று உண்மையிலேயே சொல்லத்தக்கவை அமெரிக்காவில் இருந்தன. கென்டக்கியில் உள்ள பீரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும், அவற்றுள் மரவேலையும் ஒன்று, செய்த பொருள்கள் விற்பனைக்கும் போகின்றன. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையின் கதை வேறு. ஓரிகனில் பைன் மரச்சாமான் நிறுவனம் நடத்திய ஹாரிஸ் தம்பதியர் 1951-இல் அதைத் திருச்சபைக்கே நன்கொடையாகக் கொடுத்தார்கள். திருச்சபையின் உறைவிடப் பள்ளிகளுக்கு அருகே கிளை ஆலைகள் வந்தன. மாணவர்கள் அங்கே வேலை செய்து தங்கள் பள்ளிக் கட்டணத்தைச் சம்பாதித்தார்கள். 1986-இல் நிறுவனம் திவாலானது. மாணவனின் கட்டணம் ஆலையின் விற்பனையைச் சார்ந்து நின்றால், சந்தை விழும்போது பள்ளியும் ஆட்டம் காணும்.

இந்தியாவில் இதே கேள்வி 1937-இல் எழுந்தது. ஒரு கைத்தொழிலின் மூலமே குழந்தையின் கல்வி தொடங்க வேண்டும், குழந்தைகள் செய்யும் பொருள்களை அரசு வாங்கிக்கொண்டால் பள்ளி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்று காந்தி எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் பொருளியல் பேராசிரியர் கே. டி. ஷா இதை எதிர்த்தார். பள்ளிப் பிள்ளைகள் செய்து குவிக்கும் பொருள்கள் தொழிலையே நம்பி வாழும் கைவினைஞர்களின் பிழைப்பில் கைவைக்கும் என்பது அவருடைய கவலை. காந்தியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் இந்த இடத்தில் ஷாவின் பக்கமே நிற்கிறேன். டால்ஸ்டாய் பண்ணையில் கைத்தொழிலையும் கல்வியையும் இணைத்துப் பார்த்த அனுபவத்தின் தொடர்ச்சியே வார்தாத் திட்டம் என்பது உண்மை. ஆனால் லாலியில் இருந்த அந்தப் பண்ணைப் பட்டறைக்கு வாடிக்கையாளர் அந்தப் பள்ளியே. தான் இழைத்த பலகையில் தானே உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு, பலகையில் சிராய் நின்றால் அது யாரைக் குத்தும் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செலவை ஈடுகட்ட இவ்வளவு பொருள் செய்தாக வேண்டும் என்ற கணக்கு வந்துவிட்டால் அந்த உறவு அறுந்துபோகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், வெளி மண்டபம் ஒன்றுக்கு நாற்பது பெஞ்சு செய்து கொடுக்கும் வேலையை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பணம் பள்ளிக்குத்தான், நோக்கமும் நல்லதுதான். பெஞ்சுக்கு நான்கு கால், குறுக்குச் சட்டங்கள், மேற்பலகை; ஒவ்வொரு சட்டத்தின் முனையையும் கழுந்தாக (துளைக்குள் நுழையும் நாக்காக) அறுத்து, காலில் பொளி (அந்த நாக்குக்கான துளை) வெட்டி, அடித்துப் பொருத்த வேண்டும். நாள் நெருங்க நெருங்க, கழுந்து நன்றாக அறுத்த பையன்களைக் கழுந்து அறுக்க மட்டுமே நிறுத்தினேன். கை பழகாத பையன்களிடம் உப்புத்தாளைக் கொடுத்துத் தேய்க்க விட்டேன். பெஞ்சுகள் உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. ஆண்டு முடிவில் ஒரு பையனிடம் உளியைத் தீட்டிக் காட்டச் சொன்னேன். கல்லின்மேல் எந்தச் சாய்வில் வைப்பது என்று தெரியாமல் அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பருவம் முழுவதும் அவன் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நிர்வாகத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. என்மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரியது. ஆசிரியர் கூடவே நின்று செய்ய வேண்டும் என்ற பண்ணை விதி எனக்கு அப்போதே தெரியும்.

டால்ஸ்டாய் பண்ணை நீண்ட நாள் நிற்கவில்லை. 1911-இல் அரசோடு தற்காலிக உடன்பாடு ஏற்பட்டதும் சத்தியாக்கிரகிகள் பலர் தங்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள். 1913 தொடக்கத்தில் காந்தி எஞ்சியவர்களோடு ஃபீனிக்ஸுக்குச் சென்றார், பட்டறையும் அதோடு முடிந்தது. அது தொடர்ந்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஏனெனில் அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே கதவு சாத்தப்பட்டது. 1922-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நிறத்தின் பெயரைச் சொல்லாமலே, குறைந்தபட்சப் படிப்பு ஒன்றை நிபந்தனையாக்கியது. அந்தப் படிப்பைத் தரும் பள்ளிகள் இந்தியருக்குப் போதிய அளவில் இல்லை. யாரைப் பழகுநராக எடுப்பது என்பதில் வெள்ளையர் சங்கங்களின் கையே ஓங்கியிருந்தது. ஆகவே டர்பனில் மரச்சாமான் தொழிலுக்கு வந்த எத்தனையோ இந்தியப் பையன்கள் பள்ளிப் பட்டறை எதையும் பார்க்காமல், சிறு கடைகளின் பின்கட்டில் பசை காய்ச்சியும் சிராய் பொறுக்கியும் தொடங்கி, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார்கள். பத்திரம் கிடையாது, கைதான் சான்று. திருவிதாங்கூரிலிருந்து கிரிமிட்டில் (ஒப்பந்தக் கூலியாக) வந்து வாழை பயிரிட்டு உயர்ந்த எம். எல். சுல்தான் கொடுத்த பெருங்கொடையால் 1946-இல் அவர் பெயரிலேயே தொழில்நுட்பக் கல்லூரி அமைந்த பிறகுதான் நம் சமூகத்துக்கென்று முறையான தொழிற்கல்வி நிலையம் ஒன்று வந்தது. 2002-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து, இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக அது தொடர்கிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தா கூலி வாங்கிய பட்டறை, பண்ணையைவிட்டு வந்த பிறகு அவர் சேர்ந்த டர்பன் கடையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு நினைவுகளும் உண்மையாகவே இருக்கலாம். சொல்லிச் சொல்லி வந்ததில் அவை ஒன்றாகியிருக்கும்.

முக்காலியைப் பற்றி ஒரு வேலை சொல்கிறேன். அதைக் கவிழ்த்து வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எங்கேனும் ஒட்டுப்பலகை இருந்தாலோ, தலையில் சிலுவைப் பள்ளம் உள்ள திருகாணி இருந்தாலோ (அத்தகைய திருகாணி 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது), அது பண்ணையில் செய்ததாக இருக்க முடியாது, அல்லது பின்னால் பழுது பார்க்கப்பட்டிருக்கிறது. உட்காரும் பலகையின் அடிப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், இயந்திரத்தில் இழைத்தது ஒரே சீரான சிறு அலைகளாகத் தெரியும். கை இழைப்புளி போனது இடத்துக்கு இடம் மாறும் ஆழமற்ற பள்ளங்களாகத் தெரியும். மரம் வெளிர் நிறப் பைனாக இருந்தால் பண்ணைக்குப் பொருந்தி வரும், அக்காலத்தில் டிரான்ஸ்வாலுக்குக் கடல் கடந்து வந்த கட்டட மரம் பெரும்பாலும் அதுவே. கடைசியாக, கால்களைக் குறுக்குச் சட்டம் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். உருண்டைக் குச்சி வைத்து ஒட்டியிருந்தால் அது தொழிற்சாலைப் பழக்கம். கழுந்தும் பொளியுமாக இருந்தால், பொளி வெட்டுவதற்கு முன்பு அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடு பொருத்தின் இரு பக்கமும் இன்னும் இருக்கும். தேர்ந்த தச்சன் அதை வேண்டிய அளவோடு நிறுத்திவிடுவான், கற்கும் பிள்ளையின் கை அதைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்துவிடும்.